மோசமில்லை

கார்ஸ்வெல்,
செப்டம்பர் 11

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

முதலில், கடிதம் எழுதுவதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததுமே கேட்டிருப்பீர்கள். தொலைபேசியில் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, எனக்குப் பாதி வாயில் வருவதில்லை. மீதியும் "சரிம்மா, வச்சிடறேன்" என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நகராட்சியில் வாகன நிறுத்தப் பிரிவு. நடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கும் நீல அட்டையை வேறு யாராவது வைத்துக்கொண்டு, அவர்களுக்கான இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

எனக்குப் பயிற்சி தருபவர் க்ளைவ், முன்பு போலீஸில் இருந்தவர். கார்க் கண்ணாடிக்குள் அட்டையை வைக்கும்போது சக்கர நாற்காலிப் படம்தான் மேலே தெரியும், முகம் பின்பக்கத்தில் இருக்கும். "திருப்பிக் காட்டச் சொல்லு. மத்ததெல்லாம் அந்த மூஞ்சியே சொல்லிடும்" என்பார். முதல் நாள் ஒரு பெரியவரிடம் திருப்பிக் காட்டச் சொன்னேன். சொல்வதற்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அட்டையில் இருந்தது அவர் முகம்தான். நான்காவது முறையும் கேட்டேன். வண்டிக்குத் திரும்பியதும் க்ளைவ், "நீ விசாரிக்க வந்தியா, துக்கம் விசாரிக்க வந்தியா?" என்றார்.

இதுவரை பிடித்த பதினாறு அட்டைகளில் நான்கு இறந்துபோனவர்களுடையவை. நார்மன் பெரியப்பாவின் அட்டை உங்கள் வண்டியின் முன்பெட்டியில் புதினா மிட்டாய் டப்பாவோடு கிடந்தது ஞாபகம் வந்தது. அவர் போய் இந்த நவம்பரோடு இரண்டு வருடம் ஆகப்போகிறது, இல்லையா?

பிப்ரவரி முடிய நான் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் வேலை நிலையாகும். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹெதர்


ஸ்கார்விக்,
செப்டம்பர் 23

ஹெதர் கண்ணுவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரன் கெவின் அதை ஏதோ மரணச் செய்தி என்று நினைத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொடுத்தான். எனக்கு உடம்பு மோசமில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு. டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது.

உன் வேலையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மா ஸ்பெயினுக்குப் போன அன்று என் சமையலறையில் வந்து நின்றாயே, ஒன்பது வயது. உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டாய், உப்புக் குப்பியையே பார்த்துக்கொண்டிருப்பாய். நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நீ. இப்போது ஊராரை நிறுத்திக் கேள்வி கேட்கிறாய் என்றால் நார்மன் சிரித்துச் சிரித்தே இருமியிருப்பார். "மூணு வருஷம் படிச்சது அடுத்தவன் கார்க்குள்ள எட்டிப் பாக்கவா?" என்று பக்கத்து வீட்டு பேரி கேட்டான். "நீ படிக்காமலே அதைத்தானேடா செய்யற" என்றேன்.

இங்கே ஓயாத மழை. செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி மருந்து வாங்கிவிட்டேன். ஒரு துளி நனையவில்லை.

ஜெபக்கூடத்து ஈனிட் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். ஒருவர் இறந்துவிட்டால், அட்டை செல்லாது என்று உங்கள் இயந்திரத்துக்குத் தானாகத் தெரிந்துவிடுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

உன் பெரியம்மா
பாலின்


கார்ஸ்வெல்,
அக்டோபர் 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம். கழுத்துத்துணி சுற்றிக்கொண்டுதான் போகிறேன். மருந்து வாங்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு மருந்து?

ஈனிட் அம்மாவிடம் சொல்லுங்கள்: குடும்பத்தார் தெரிவிக்காவிட்டால் இயந்திரத்துக்கு உடனே தெரியாமல் போகலாம். ஆனால் கொஞ்சம் தாமதமாகத் தெரியும். போன வாரம் மருத்துவமனைப் பக்கம் ஒரு அம்மாள். அட்டையில் இருந்தது அவர் கணவரின் முகம். "அவரு உள்ள டாக்டரைப் பாக்கப் போயிருக்காரு" என்றார். "அவசரமில்லம்மா, வரட்டும், நாங்க இருக்கோம்" என்று க்ளைவ் சொன்னார். நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். நடுவில் அந்த அம்மாள் கைப்பையிலிருந்து எங்களுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். கடைசியில் அவரே, "அவரு வரமாட்டாரு" என்றார். மார்ச் மாதமே இறந்துவிட்டாராம். வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. அறிக்கை எழுதியது நான். ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்று க்ளைவ் பாராட்டினார்.

மருந்துக்கடை வாசலில், நீல அட்டை இல்லாதவர்கள் நிறுத்தவே கூடாத இரட்டை மஞ்சள் கோடு இருந்ததாக எனக்கு ஞாபகம். பால் வண்டிக்காரர்கூட அங்கே நிறுத்தப் பயப்படுவார். கோட்டை அழித்துவிட்டார்களா?

அன்புடன்,
ஹெதர்


ஸ்கார்விக்,
அக்டோபர் 29

ஹெதர் கண்ணுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை, வேறொன்றுமில்லை. உடம்பு மோசமில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கும், இந்த மாதத்தில் எப்போதும் பிடிக்கும்.

பாடகர் குழுவை விட்டுவிட்டேன். பயிற்சியை மாடிக்கு மாற்றிவிட்டார்கள், மாடியில் ஒரே குளிர். பக்கத்தில் நிற்கும் ஷீலாவின் வெங்காய வாசனையிலிருந்தும் விடுதலை. வீட்டிலும் கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பேரிதான் இறக்கிக் கொடுத்தான். கணப்பு அங்கேதானே இருக்கிறது. ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு தளம்?

பார்கின் இஞ்சி கேக் அனுப்பியிருக்கிறேன். என் கையால் செய்ததுதான், வழக்கம்போல. நவம்பர் 5, வாணவேடிக்கை நாளுக்கு முன் பிரிக்காதே.

ஊரில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது. எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

உன் பெரியம்மா
பாலின்


கார்ஸ்வெல்,
நவம்பர் 10

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம். சளி பிடிக்கவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறுபடியும் கேட்கிறேன்.

கேக் வந்து சேர்ந்தது. நன்றி. ஆனால் பெரியம்மா, அடியில் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மலைமேல் இருக்கும் பெரிய கடையின் பெயர் அதில் பாதி தெரிந்தது. நீங்கள் செய்தால் ஓரம் கருகி, இஞ்சி தொண்டையைப் பிடிக்கும். இது இனிப்பாக மட்டும் இருந்தது. கடையில் வாங்கினால் என்ன தப்பு? அதைச் சொல்லாமல் "என் கையால்" என்று எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேட்காத விவரத்தை ஒருவர் தானாகச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள் என்று க்ளைவ் சொல்வார். நான் இப்போது உங்கள் கடிதங்களை எடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். ஈனிட் அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் கணவர் போனபோது நான் பள்ளியில் இருந்தேன், அவர்களிடம் கார் இருந்ததே இல்லை. இப்படியெல்லாம் யோசிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

எனக்கு ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். "என் உறவினர் எவரும் இந்த அட்டையைத் தவறாகப் பயன்படுத்துவதாக எனக்குத் தெரியாது" என்று அதில் இருக்கிறது. பிப்ரவரி 28-க்குள் கையெழுத்திட்டால்தான் வேலை நிலையாகும். தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். மற்ற எல்லாரும் கொடுத்த அன்றே போட்டுவிட்டார்கள். என்னுடையது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பெரியப்பாவின் அட்டையை எப்போது திருப்பி அனுப்பினீர்கள்? தேதி மட்டும் போதும்.

அன்புடன்,
ஹெதர்


கார்ஸ்வெல்,
டிசம்பர் 12

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. நேற்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே உங்கள் பெயரும் "மோசமில்லை" என்ற ஒரு சொல்லும் மட்டும் இருந்தன. கேட்ட தேதி இல்லை.

27-ஆம் தேதி நான் அங்கே வருகிறேன். மூன்று நாள் விடுமுறை.

அன்புடன்,
ஹெதர்


ஸ்கார்விக்,
டிசம்பர் 16

ஹெதர் கண்ணுவுக்கு,

உடம்பு மோசமில்லை. நீ வர வேண்டாம். அந்த வாரம் ரயில்களை நம்ப முடியாது. நானும் ஈனிட் வீட்டில் இருப்பேன். வசந்தத்தில் வா, வழியெல்லாம் உலர்ந்திருக்கும்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். இது கடையில் வாங்கியது. சொல்லிவிட்டேன்.

பாலின்


கார்ஸ்வெல்,
ஜனவரி 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் வந்தேன். போன செவ்வாய்க்கிழமை. உங்களிடம் சொல்லவில்லை. விடியற்கால ரயிலைப் பிடித்து வந்து, மருந்துக்கடைக்கு எதிரே பஸ் நிழற்குடைக்குள், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே குறிப்பேடு வைத்திருந்தேன். அதில் இப்படி எழுதியிருக்கிறது:

10.30. சிவப்பு நிறச் சிறிய கார், இரட்டை மஞ்சள் கோட்டில். ஓட்டுபவர் பெண், எழுபது வயதுக்குள். நீல அட்டையை எடுத்து முன்கண்ணாடிக்குள் வைக்கிறார். வண்டி நிறுத்திய நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைப் பத்தரைக்குத் திருப்புகிறார்.

எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன் பெரியம்மா. பிறர் அட்டையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தை நிமிடம் பிசகாமல் நேர்மையாகத் திருப்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் தெருவைக் கடந்து வந்து, அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்வதாக இருந்தேன். ரயிலில் மூன்று மணி நேரம் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்காமல் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். உங்களிடம் அவ்வளவு கோபம்.

நீங்கள் கார்க் கதவைத் திறந்தீர்கள். ஒரு காலை வெளியே வைத்தீர்கள். இன்னொரு காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு குறிப்பேட்டில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. 10.32, ரொட்டிக்கடை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 10.34, மறுபடி நிற்கிறார். உள்ளே இருந்த இறைச்சிப் பணியாரங்களைப் பார்ப்பது போல நின்றீர்கள். அந்தக் கடைப் பணியாரத்தை நாய்கூடத் தின்னாது என்று சொன்னவர் நீங்கள்தான். கெவின் தபால் பையோடு வந்தார். தெருவின் இந்தப் பக்கம்வரை கேட்டது.

"எப்படி இருக்கீங்க பாலின்?"

"மோசமில்லப்பா. உங்கம்மா கால் வலி எப்படி இருக்கு?"

அவர் தெருமுனை திரும்பும்வரை நிமிர்ந்து நின்றீர்கள். திரும்பியதும் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டீர்கள். 10.37-க்கு மருந்துக்கடைக்குள் போனீர்கள்.

நீங்கள் கிளம்பிய பிறகு அந்தத் தூரத்தை நான் நடந்து பார்த்தேன். என் காலுக்குப் பதினோரு எட்டு.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். மாடி குளிர் என்றீர்கள், கட்டிலை இறக்கினேன் என்றீர்கள், கேக்கைக் கடையில் வாங்கினீர்கள். எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே என்னிடம் இருந்தது. பொய் எங்கே என்றுதான் தேடினேனே தவிர, வலி எங்கே என்று தேடவில்லை.

உங்களுக்கு என்ன உடம்பு?

ஹெதர்


ஸ்கார்விக்,
ஜனவரி 31

ஹெதருக்கு,

உடம்பு மோசமில்லை.

என்னை ஒளிந்திருந்து பார்த்திருக்கிறாய். மூன்று வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வந்தவள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிக்காமல் போனாயே, அதுதான் பெரிய கோபம்.

கேட்டதால் சொல்கிறேன். இடுப்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. காலுக்குப் போகிற நரம்பில் ஏதோ என்கிறார்கள். அவ்வளவுதான்.

பெரியப்பா அட்டை முன்பெட்டியில்தான் இருக்கிறது. தேதி கேட்டாயே, திருப்பி அனுப்பிய தேதி என்று ஒன்று கிடையாது. ஆனால் நான் முதலிலேயே திருடி இல்லை. போன வருஷம் வசந்தத்தில் என் பெயரிலேயே அட்டை கேட்டு எழுதிப் போட்டேன். நேரில் வரச் சொன்னார்கள். நார்மன் சாவுக்கு வாங்கிய நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டேன், உதட்டுச்சாயம் பூசிக்கொண்டேன். அதிகாரி முன்னால் அழுக்காய்ப் போய் நிற்க முடியுமா? அவர்கள் வாசலிலேயே சக்கர நாற்காலி வரைந்த இடம் காலியாக இருந்தது. அட்டை கேட்க வந்தவள் கொடுப்பதற்கு முன்பே அதில் நிறுத்தினால் என்ன நினைப்பார்கள்? கீழ்த் தெருவில் நிறுத்தினேன். ஊன்றுகோலைக் காரிலேயே விட்டுவிட்டேன், பிச்சை கேட்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று. அரை மணி முன்னால் கிளம்பிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏறினேன். வாசலில் மூச்சு வாங்கி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

உன் வயதுப் பெண். நல்ல பெண். எழுந்து நின்று கை கொடுத்தாள்.

"எப்படி இருக்கீங்க மிஸஸ் கார்பட்?"

"மோசமில்லம்மா."

"எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துடுவேன்."

வேறென்ன சொல்வார்கள்? முன்பின் தெரியாத பெண்ணிடம் குளியலறையில் விழுந்ததையெல்லாம் அவிழ்த்துக் கொட்டுவதா? இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. "விண்ணப்பதாரர் துணையின்றி நடந்து வந்தார். தம் நிலை மோசமில்லை என்று தாமே கூறினார்." தகுதி இல்லையாம். அன்றைக்கு மருந்துக்கடைக்குப் போனபோது முன்பெட்டியைத் திறந்தேன், மிட்டாய் எடுக்கத்தான். அது மேலே கிடந்தது. நார்மன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது.

உன் காகிதத்தில் என்ன எழுத வேண்டுமோ எழுது. என்னால் உன் வேலை போக வேண்டாம். உன்னை வளர்த்தது பொய்க் கையெழுத்துப் போட இல்லை.

காலுறை சரியாக இருக்கிறதா?

பாலின்


கார்ஸ்வெல்,
பிப்ரவரி 9

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

காலுறை சரியாக இருக்கிறது, இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். டீ குடிக்காமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒளிந்திருந்து பார்த்ததற்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாகக் கடிதங்களில் "நான் நலம்" என்று எழுதினேன். அது உண்மையில்லை. மருத்துவமனைப் பக்கம் எங்களுக்கு மிட்டாய் கொடுத்த அம்மாள் இருந்தாரே, அவரை அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னேனே தவிர, காரிலிருந்து இறங்கி நடந்து காட்டச் சொல்லவில்லை. அவர் கடைசிவரை இறங்கவே இல்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தபால் அறையில் போய் நின்று அழுதுவிட்டு வருவேன். இந்த வாரம் அவர் வழக்கில் ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லி க்ளைவிடம் கேட்டேன். அவராலும் நடக்க முடியாதா என்று பாருங்கள் என்றேன். க்ளைவ் சரி என்றார்.

அப்போதே அந்தக் காகிதத்தில் என்னால் கையெழுத்திட முடியாது என்றும் சொல்லிவிட்டேன். யார் என்று அவர் கேட்கவில்லை. "கேக்கறதுக்கு முன்னாடி தானா திரும்பி வந்த அட்டைமேல நான் இதுவரைக்கும் வழக்குப் போட்டதில்ல" என்று மட்டும் சொன்னார். உங்கள் ஊர் அதிகாரிகளும் அப்படியே செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் 28-ஆம் தேதி, நான் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதை உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்றுதான் முன்பே சொல்கிறேன்.

இதோடு இரண்டு உறைகள் வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டியிருக்கிறது. சின்ன உறை பெரியப்பாவின் அட்டைக்கு. முகவரி உங்கள் ஊர் அலுவலகத்துடையது. அதை இந்த வாரமே, கெவின் வரும்போது கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை மருந்தை அவரோ பேரியோ வாங்கி வரட்டும். கேட்க வாய் வராவிட்டால், உப்புக் குப்பியைப் பார்ப்பது போல அவர்களைப் பார்த்துக்கொண்டிருங்கள், போதும்.

பெரிய உறையில் புதிய விண்ணப்பம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, வைத்தியர் முகவரி எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். "உங்களுடைய மோசமான நாளில், நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல நாளை அவர்கள் கேட்கவில்லை, கவனியுங்கள். பதினோரு எட்டு, இரண்டு நிறுத்தம், ஏழு நிமிடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நான் திருட்டுத்தனமாகப் பார்த்தது. உங்கள் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். நேரில் கூப்பிட்டால் நானும் கூட வருவேன், விடுமுறை சொல்லிவிட்டேன். ஊன்றுகோலோடு போவோம். வாசலிலேயே நிறுத்தச் சொல்லி நானே அவர்களிடம் கேட்கிறேன்.

அந்தக் கட்டத்தை உடனே நிரப்ப உங்களுக்கு வராது என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் வேறொன்று கேட்கிறேன். ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான், சரியாகக் கேட்கத் தெரியவில்லை.

எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் பெரியம்மா. அதன் முதல் வரியில் அந்தச் சொல்லை மட்டும் எழுதாமல், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஹெதர்